பிடியரிசிப் பையில் ஒரு துண்டு மரச்சீனி

அக்கா,

சற்று முன், நீங்கள் பிடியரிசி சேர்த்த துணிப்பையை ஆணியில் மாட்டினேன். தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாசனை. நீங்கள் கர்த்தரண்டை போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. எனக்கோ நீங்கள் இப்போதுதான் படியிறங்கிப் போனது போல இருந்தது.

உலை வைக்கும்போதெல்லாம் ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவது நம் சபைப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமை நீங்கள் வீடு வீடாக வந்து அதைச் சேர்ப்பீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போகும். பணம் ஆலயச் செலவுக்கு. என் வரவு செலவு நோட்டிலும் முதல் வரி ‘கர்த்தருக்கு’ என்றுதான் தொடங்கும். வேதத்தையும் கணக்கையும் எழுத்துக்கூட்டி நானே படித்தவள். தசமபாகம் என்றால் பத்தில் ஒன்று, குறையக் கூடாது. அவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டிருந்தது.

அந்த ரேஷன் காலத்தில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிக்குக் கணக்கு எழுதியவர் வீட்டிலேயே அரிசி இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கு. அவருக்குக் கஞ்சி கொடுத்தால்தான் தேறுவார் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாரிடமும் போய்க் கேட்க எனக்கு நாவெழவில்லை.

சனிக்கிழமை நீங்கள் வந்ததும் வெறும்பானையைக் காட்டினேன்.

“அரிசி பொங்கவே இல்லக்கா. இந்த வாரம் என்னை விட்டுருங்க.”

“பின்னே பிள்ளையளுக்கு என்னத்தக் குடுத்தே?”

“மரச்சீனி.”

“அப்போ அதுல தா. அவிச்சது இருக்குல்லா?”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு துண்டை வாழையிலையில் வைத்து நீட்டி, “கர்த்தருக்கு மரச்சீனியாக்கா?” என்றேன்.

“ஏன், அவருக்கு வாயுத்தொல்லையா?” என்று சொல்லி, அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் ஏலம் தொடங்கும் நேரம் நீங்கள் அரிசி மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள்.

“மூப்பரே, இன்னைக்கு ஏலம் வேண்டாம். சபையில சீக்குக்காரன் வீடு இருக்கு.”

“கோயில் ஓடு ஒழுகுது, அறியாதா? ரூபாய்க்கு நான் எங்க போக?” என்றார் ஆலயச் செலவைப் பார்க்கும் மூப்பர்.

“ஓடு ஒழுகினா குடை பிடிச்சிட்டு ஜெபிக்கலாம். வயிறு காஞ்சா குடை பிடிச்சு ஆகுமா? தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டு வரச் சொன்னது எதுக்காம்? ஆலயத்துல ஆகாரம் இருக்கணும்னுல்லா வேதத்துல, மல்கியாவுல கெடக்கு. ஓடு இருக்கணும்னா இருக்கு?”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. மூப்பருக்கும் அடக்க முடியவில்லை. “சரி, இந்த ஒரு வாரம்தான், கேட்டியா” என்றார். யார் வீடு என்று அவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அன்று பகலிலேயே அரிசியோடு வந்தீர்கள். நான் கதவை விட்டு நகரவில்லை.

“ஆலயத்துச் சொத்துக்கா. கொடுக்க வேண்டியவ நான், வாங்கலாமா?”

“நேத்து நீ தரலியா? தந்தவளுக்கு வாங்க என்னட்டி நாணம்?”

அந்த மரச்சீனித் துண்டை எதற்கு வாங்கிப் போனீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வழிவிட்டேன். அன்று வைத்த கஞ்சியை அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தார். மெல்லத் தேறி மண்டிக்கும் போனார். பிறகு கோயில் ஓடு மாற்றியபோது எங்கள் பங்கும் அதில் சேர்ந்தது. ஆனாலும் நோட்டில் நான் மனநிறைவோடு எழுதிய வரி ‘கர்த்தருக்கு: மரச்சீனி, ஒரு துண்டு’ என்பதுதான்.

இப்போது பை என்னிடம். இன்று ஒரு வீட்டில், புருஷனுக்கு வேலை போனவள், வெறும்பானையைக் காட்டித் தலையைக் குனிந்துகொண்டாள். பின்புறம் முருங்கை நின்றது.

“அதுல ஒரு கொப்பு ஒடிச்சுத் தா” என்றேன்.

கோபமாகப் பார்த்தாள், அக்கா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கீரை நசுங்காமல் அரிசிக்கு மேலாக வைத்துக் கொண்டு வந்தேன். நாளைக்கு மூப்பரிடம் பேசிவிட்டு, அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.