மூடினால் போதாது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முட்டிவலி மட்டும் எப்போதும் போல என்னோடு குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் குட்டிக்குப் பல் முளைத்ததா, தூங்கினானா என்று நான் பேச்சை மாற்றிவிடுகிறேன், போன வாரம் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். அதோடு உன் மாமா அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் ஆபீஸ் வக்கீலம்மா உன்னிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் லேப்டாப்பில் டிஸ்க் முழுவதற்கும் என்கிரிப்ஷன் போட்டுக் கொடுத்தது நான்தான், கடவுச்சொல் தெரியாத யாரும் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதை எழுதாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

உன் கல்யாணத்துக்கு உடை தைத்துக் கொடுத்தாளே அந்தத் தையல்காரப் பெண், புருஷனிடம் அடிபட்டு ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ஊரின் மறுகோடியில் ஒரு மாடியறை பார்த்து ஒளித்து வைத்தோம். அந்த முகவரி இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று ஆபீசின் இரும்பு அலமாரி, இன்னொன்று அவளுடைய மனுவை நான் வீட்டில் வைத்து டைப் அடித்த லேப்டாப். போன மாதம் பதினெட்டாம் தேதி மத்தியானம் அவள் புருஷன் மாடியேறிப் போய்விட்டான். கதவைச் சாத்தப் பார்த்தவளின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறான். கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள். இரண்டு விரல் இனி மடங்காது என்கிறார் டாக்டர். அவள் ஊசி பிடிக்கிற கை அது. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது குழந்தை பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது, கூப்பிட்டும் வரவில்லை, அன்றிலிருந்து யாரிடமும் பேசவும் இல்லையாம்.

முகவரி எப்படி வெளியே போனது என்று வக்கீலம்மா எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் பொண்ணு பூட்டிக் கொடுத்ததும்மா, டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டுப் போனாக்கூட வெறும் கிறுக்கல்தான் தெரியும்" என்று நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அப்படியானால் மிச்சம் அலமாரிதானே. அலமாரிக்குப் பொறுப்பு கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணன். உனக்கு அவரைத் தெரியும், பூட்டியபின் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாரே, நான்கூட மூணு இழுப்பு என்று கேலி செய்வேனே, அவர்தான். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவரை வக்கீலம்மா அன்று சாயங்காலமே சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மனுஷர் சாவியை வைப்பதற்கு முன் அலமாரியைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்த்தார், அதைப் பார்த்து ஆபீசில் ஒருவர் சிரித்தார்.

இப்போது என் லட்சணத்தைக் கேள். நீ போட்ட பூட்டு நல்ல பூட்டுதான், அதில் குறையே இல்லை. ஆனால் அது மெஷினை அணைத்தால்தான் பூட்டு. போகும்போது விமான நிலையத்தில்கூடச் சொன்னாயே, "மூடுனா போதாதும்மா, ஆஃப் பண்ணணும்" என்று. நான் சரி சரி என்று தலையை ஆட்டினேன். அணைத்தால் மறுபடி அந்த நீளமான கடவுச்சொல்லை அடிக்க வேண்டும், கண்ணாடி தேட வேண்டும், இரண்டு தரம் தப்பாக அடித்துத் தொலைக்க வேண்டும். அதனால் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போய்விடுவேன். மூடியைத் திறந்தால் கேட்குமே இன்னொரு கடவுச்சொல், தொல்லையாக இருக்கிறது என்று அதை நீ போன மறுவாரமே ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. ஆறு மாதமாக அந்த லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் பூட்டே இல்லாமல்தான் கிடந்தது, அது எனக்கே உறைக்கவில்லை.

நான்கு நாளுக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதான். அந்தப் பெண்ணின் புருஷன் இவனோடு ஒரே டிப்போவில் லாரி ஓட்டியவன், அது எனக்கும் தெரியும், ஆனாலும் தம்பிதானே என்று இருந்துவிட்டேன். "புள்ள முகத்த ஒரு தடவ பாக்கணும்னு என் கால்ல விழுந்தான்க்கா. நீ குளிக்கப் போனப்ப திறந்து பாத்தேன். திறந்ததுமே அந்த அட்ரஸ் மேலேயே இருந்துச்சு" என்றான். வேண்டுமென்றே கெடுதல் செய்கிறவன் இல்லை அவன், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அதற்காக அவனை மன்னிக்க என்னால் முடியவில்லை. "வெளிய சொல்லிடாதக்கா, என்னையும் உள்ள தள்ளிடுவாங்க, உன் வேலையும் போயிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கெஞ்சியதால் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். நிஜம் அதுவல்ல, எனக்காகத்தான் மூடிக்கொண்டேன். வக்கீலம்மாவிடம் முதலில் சொன்னது தெரியாமல் சொன்னது, இந்த நான்கு நாள் தெரிந்தே சொன்ன பொய்.

நேற்று மூணு இழுப்பு அண்ணன் வீட்டுக்குப் போனேன், எல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். ஆபீசிலிருந்து வந்து பார்த்தது நான் ஒருத்திதான் என்றார் அண்ணன். "நீங்களாவது நம்புறீங்களேம்மா. இல்ல, நான்தான் ஒரு நாள் இழுத்துப் பாக்காம வந்துட்டேனோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உன் அம்மா இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்.

என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். தெருமுனைத் தபால்பெட்டியில் இதைப் போட்டுவிட்டு நேரே ஆபீஸ் மாடி ஏறப் போகிறேன். உள்ளே விழுந்ததைத் திருப்பி எடுக்க முடியாது, நான் பாதிப் படியில் திரும்பிவிட்டாலும் நீ வக்கீலம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாய். வேலை போனால் போகட்டும். மாமாவைப் பற்றி என்ன கேட்டாலும் மறைக்காதே, அவன் நம் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்கு எதற்கு. விரலை என்னால் திருப்பித் தர முடியாது. சாவியையாவது அந்த அண்ணனிடம் திருப்பித் தர வைக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குட்டிக்கு முத்தம், நீ நீண்ட நாள் நிம்மதியாக இருக்க வேண்டும். என்னைத் திட்டத் தோன்றினால் திட்டு, ஆனால் ஒரு நாள் கழித்துக் கூப்பிட்டுத் திட்டு. கடிதம் எழுதும் முன் லேப்டாப்பை அணைத்தேன். விளக்கு அணைந்ததா என்று மூடியைத் திறந்து மூன்று தரம் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா