பிகாஷோட சைக்கிள் சாவி

கண்ணு வர்ஷினிக்கு அம்மா எழுதறது. இங்க நானு, உங்கப்பா, அப்புச்சி எல்லாரும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கறோம், எனக்கு மனசுதான் சரியில்ல. ஐதராபாத்துல நீ நேரத்துக்குத் தின்னுட்டு சொகமா இருக்கோணும். தெனமும் போன்ல பேசறவ எதுக்குக் காயிதம் எழுதறாள்னு நெனைப்ப. இதைச் சொல்ல வாய் வரமாட்டேங்குது கண்ணு, அதான் முறுக்கு டப்பாவோட வெச்சு அனுப்பறேன்.

உன்ற யுனிவர்சிட்டில பழைய சைக்கிளை எல்லாம் சரிபண்ணி நீலப் பெயிண்ட் அடிச்சு, ஆரு வேணும்னாலும் ஹாஸ்டல் கேட்டுல எடுத்துக் கிளாஸ் கிட்ட உட்டுட்டுப் போறாப்பல ஏற்பாடு பண்றோம், நம்ம பனியன் கம்பெனில சும்மா நிக்கறது இருந்தா அனுப்பும்மான்னு கேட்டயல்ல. எனக்குப் பெருமைல தலைகால் புரியல. ஷெட்டுல, தீவாளிக்கு ஊருக்குப் போன வடக்கத்திப் பசங்க சைக்கிள் நாலஞ்சு தூசி புடிச்சு நின்னுச்சு. பூட்டிட்டுப் போனவன் வருவான்மா, இருக்கட்டும்னு வாட்ச்மேன் அழகுமலை சொன்னாரு. எங்க வரப்போறானுக, வேற கம்பெனிக்குப் போயிருப்பானுகன்னு நாந்தான் சத்தம் போட்டு, சுத்தியல்ல பூட்டை ஒடைச்சு நூல் லாரில ஏத்தி உட்டேன். உனக்குச் சீர் அனுப்பறாப்பல மஞ்சள் தடவி எலுமிச்சம்பழம் வேற கட்டி உட்டேன், அடுத்தவன் பொருளுக்கு.

பொங்க நோம்பி கழிஞ்சு, நம்ம ஓவர்லாக் மிஷின்ல தைக்கற பிகாஷ் ஒடிசாவுல இருந்து வந்தான். இந்தவாட்டி பொண்டாட்டி புள்ளையையும் கூட்டிட்டு வந்து நல்லூர்ல ரூம் புடிச்சிருக்கறான். நேரா ஷெட்டுக்குப் போய்ச் சாவியைக் கையில புடிச்சுட்டு நின்னான். எங்கிட்ட வந்து கேட்டப்ப, வாய் கூசாம, ஆரோ தூக்கிட்டுப் போய்ட்டாங்களாட்ட இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். அழகுமலை என்ற மூஞ்சியைக்கூடப் பாக்கல. என்ற கெட்ட நேரம், நீ அனுப்புன நீலச் சைக்கிள் போட்டோவை அன்னைக்குத்தான் ஸ்டேட்டஸ் வெச்சிருந்தேன். அதுல முன்னாடி நிக்கறதே அவன் சைக்கிள்தான். புள்ளை வந்தா உக்காரோணும்னு முன்கம்பில காலர் துணி வேஸ்ட்டைச் சுத்தி மெத்தையாட்டக் கட்டி வெச்சிருக்கறான், நீங்க பெயிண்ட் அடிச்சும் அதை அவுக்கல.

ஸ்டேட்டஸைப் பாத்துட்டு மறுநா காலைல வந்தான். சத்தம் போடுவான், கணக்கை முடிங்கன்னு கேப்பான்னு பயந்துட்டு உக்காந்திருந்தேன். மேசை மேல சாவியை வெச்சு, "வர்ஷினி பாப்பாவுக்கு அனுப்புங்கம்மா, சாவி இல்லாம எப்படிப் பூட்டும்?"னான். போய் மிஷின்ல உக்காந்துட்டான். குத்திக் காட்டறானா, நெசமாவே சொல்றானான்னு எனக்கு இன்னும் தெரியல. பூட்டை ஒடைச்சதை மறைச்சுச் சாவியை எடுத்து வெச்சுட்டேன் கண்ணு. பூமிக்குள்ள போயிரலாமாட்ட இருந்துச்சு.

புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்து முடின்னு உங்கப்பா சொல்றாங்க. முடியாதுன்னுட்டேன், அப்பறம் நான் செஞ்சது சரீன்னு ஆயிருமல்ல. எங்கம்மா பூட்டை ஒடைச்சு அனுப்புனதுன்னு உன்ற சிநேகிதங்ககிட்ட நேரா சொல்லு. உனக்கும் தலைகுனிவுதான், என்னால வந்தது. மத்த சைக்கிளையும் ஆருக்கும் தராம நிறுத்தி வையி, அந்தப் பசங்களுக்கு நானே போன் பண்ணிக் கேக்கறேன்.

மகராசியா இரு சாமி, படிப்பையும் பாத்துக்க. லாரி வெள்ளிக்கிழமை அங்கிருந்து திரும்புது, மறந்தறாத. பிகாஷ் சைக்கிளைக் காலர் மெத்தையை அவுக்காம அதுல ஏத்தி உடு. சாவியை உனக்கு அனுப்பல, என்ற முந்தானைல முடிஞ்சு வெச்சிருக்கறேன். சைக்கிள் வந்ததும் அவன் பொண்டாட்டி முன்னால அதைக் குடுத்து, ஒடைச்சதும் நாந்தான், பொய் சொன்னதும் நாந்தான்னு சொல்லோணும். அதுவரைக்கும் தெனமும் அவன் புள்ளையைத் தோள்ல தூக்கிட்டு நம்ம கேட்டுக்கு நடந்து வர்றான், நான் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்.

உன்ற அம்மா,
சாந்தாமணி