முப்பத்தொன்றாம் கேள்வி

நாள் 188. இரவு 9.50
வியாழனின் பனி நிலா யூரோப்பா, நான்காம் குடியிருப்பு. வெளியே மைனஸ் 160. உள்ளே 17. காற்றழுத்தம் சரி. தண்ணீர் பம்பு ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பேனா கீறுவது யாருக்கும் கேட்காது.

என் பெயர் ரீத்தா. பத்தாம் வகுப்பு. வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திரையில் எழுதினால் மதிப்பீட்டுப் பிரிவு படித்துவிடும். இதைக் கண்டெடுப்பவர் தயவுசெய்து அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

அப்பா மிக்கேல், பனிச்சுரங்கத்தின் மேல்தளத்தில் குழாய் மாற்றுகிறவர். இங்கே தொழிலாளர் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனத்தேர்வு. அறுபது கேள்விகள். ஆம் அல்லது இல்லை. அப்பா இரண்டு முறை தோற்றுவிட்டார். மூன்றாம் முறையும் தோற்றால் குடும்ப அறை போய்விடும். என்னை ஒன்பதாம் குடியிருப்பின் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான்.

உண்மையை எழுதியதால்தான் தோற்றார். மூடிய இடங்களில் பயம் வருமா? ஆம். லிஃப்டில்கூட அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

நாள் 191. இரவு 10.15
கைடு தயாராகிறது. தேறியவர்கள் என்ன போட்டார்கள், தோற்றவர்கள் என்ன போட்டார்கள் என்று கேட்டு இரண்டு பத்தியாக எழுதினேன். ஒப்பிட்டால் விடை வந்துவிடுகிறது. பொதுத்தேர்வு மாதிரிதான். "இதுவரை பொய்யே சொல்லாதவரா?" இதற்கு 'ஆம்' போட்டால் மாட்டிக்கொள்வோம். முப்பத்தொன்று: "பணியின் நடுவே திரும்பிவிட விரும்புவீர்களா?" இல்லை.

"ஏட்டி, எனக்குத் திரும்பணும்னுதானே இருக்கும்?" என்றார் அப்பா.

"இருக்கும்ப்பா. மார்க்கு 'இல்லை'க்குத்தான்."

பல் துலக்கும்போதுகூடச் சொல்லிப் பார்க்கிறார். முப்பத்தொண்ணு, இல்லை. முப்பத்திரண்டு, ஆம்.

நாள் 203. இரவு 10.00
கைடு கைமாறிவிட்டது. நாற்பத்து மூன்று பேர் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பக்கத்து அறைத் தங்கபுஷ்பம் அக்காவும் அப்பா மாதிரி இரண்டு முறை தோற்றவர். மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "மனசுக்கே பிட்டு எழுதிட்டியேட்டி!"

நாள் 209. இரவு 11.20
அப்பா அறுபதுக்கு அறுபது. முதலிடம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ராணி மாதிரி இருந்தது.

பிறகு ஆணை வந்தது. முதல் பத்துப் பேர் ஆழ்துளையில் இறங்க வேண்டும். நாளுக்கு ஒருவர். பனிக்கு அடியிலுள்ள கடல்வரை பதினான்கு கிலோமீட்டர். உடம்பு அளவுதான் கூண்டு. போன முறை இறங்கியவர்களில் மூன்று பேர் வரவில்லை. கூண்டு மணிக்கொரு முறை, திரும்ப விருப்பமா என்று கேட்கும். 'ஆம்' என்றால் உடனே மேலே இழுத்துவிடுவார்கள். ஆனால் அது தோல்வியாகக் கணக்காகும்.

அப்பா வாந்தி எடுத்தார். நான் துடைத்தேன். "ஆம்னு சொல்லிருங்கப்பா" என்றேன்.

"சொன்னா ஒன்னைய விடுதிக்கு அனுப்பிருவாவளே."

நாள் 212. இரவு 10.40
தேர்வு ரத்தாகட்டும் என்று, கைடு என்னுடையது என ஒப்புக்கொள்ளப் போவதாக அக்காவிடம் சொன்னேன். இறங்குவோர் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவது. அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு என் தலைமுடியைப் பிடித்தார்.

"ஒங்கப்பன் ஒருத்தனுக்காக நாப்பத்து மூணு வீட்டு அடுப்புல மண்ணள்ளிப் போடுவியோ? வாயத் தொறந்த, நாக்க அறுத்துருவேன்."

நாள் 213. இரவு 9.30
இருந்தும் போனேன். மதிப்பீட்டு அதிகாரி வசுமதி. மேசைமேல் என் கைடு, நகலெடுத்து, தைத்து வைத்திருந்தது.

"நாப்பத்து மூணு பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி போட்டா மிஷினுக்குத் தெரியாதா? பயமே இல்லாத ஆளை வெச்சு நான் என்ன பண்றது? கீழே போய் இஷ்டத்துக்கு ஆடுவான். பயந்துகிட்டே, நாங்க கேக்கற விடையைப் போடறான் பாரு, அவன்தான் வேணும். அதுல உங்கப்பா முதல். இதை அடுத்த வருஷப் பயிற்சிக்கே வெச்சுக்கப் போறேன். நல்லா எழுதியிருக்கே."

நான் அழுதேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாள் 215. இரவு 8.10
அப்பா மதியம் ஒரு மணிக்கு இறங்கினார். ஊக்கம் தருவதற்காக என்று, அவர் பதில்களைச் சாப்பாட்டுக் கூடத்து ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். நாம் பேசினால் கீழே போகாது.

14.00. "திரும்ப விரும்புகிறீர்களா?" "இல்லை."
15.00. "இல்லை."
16.00. "இல்ல... இல்லை." மூச்சு வாங்கியது.
17.00. "முப்பத்தொண்ணு, இல்லை. முப்பத்திரண்டு, ஆம். முப்பத்துமூணு, இல்லை..."

கூண்டு ஒரு கேள்விதான் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கைடை ஒப்பிக்கிறார். அறுபதுவரை போனார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். நான் ஒலிபெருக்கியைப் பார்த்து ஆம், ஆம் என்று கத்தினேன். யாரோ என்னை உட்காரச் சொன்னார்கள்.

18.00. இரைச்சல். அப்புறம் இயந்திரக் குரல். "பதில் வரவில்லை. முந்தைய பதிலே ஏற்கப்படுகிறது: இல்லை."
19.00. அதேதான்.
20.00. அதேதான்.

நாள் 216. அதிகாலை 3.00
இன்னும் மணிக்கொரு முறை அதே பதில் ஏற்கப்படுகிறது. கூண்டை யாரும் இழுக்கவில்லை. பதிவேட்டில் அப்பா பணியில் இருக்கிறார்.

காலையில் இரண்டாம் கூண்டு இறங்குகிறது. சற்று முன் அக்கா வந்தார். மகன் தோளில் தூங்குகிறான்.

"முப்பத்தொண்ணுக்கு என்னன்னு மறுபடி சொல்லு பிள்ள. மறந்து போச்சு."

மறக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவர் உள்ளங்கையை விரித்து, மையால் பெரிதாக எழுதினேன். ஆம்.

"இவன விடுதில போட்டுருவாவளே."

"நானும் அங்கதான இருக்கப்போறேன். நான் பாத்துக்கிடுதேன்க்கா."

கையை மூடிக்கொண்டு போனார். இன்னும் எட்டுப் பேர். விடியுமுன் எட்டுக் கதவையும் தட்ட வேண்டும். பேனாவில் மை இருக்கிற

பம்பு நின்றுவிட்டது.

இதுவரை நின்றதே இல்லை. இப்போது நான் எழுதுவது வெளியே கேட்கும். வாசலில் யாரோ நிற்கிறார்கள். பயமா? ஆம். ஆம். முப்பத்தொன்று ஆ