ஒரு முழங்காலுக்கான பேச்சுவார்த்தை

பெல்ஃபாஸ்ட்
4 ஏப்ரல் 1998

அன்பு மகள் டிம்ப்னாவுக்கு,

முதலில் என் மானம் போன கதை. நேற்று டை எல்லாம் கட்டிக்கொண்டு மலாக்கியிடம் பேசப் போனேன். அவன் என் காலையே பார்த்தான். வீட்டுச் செருப்போடு போயிருக்கிறேன். அதிலும் ஒன்று செத்துப்போன உன் அம்மாவுடையது.

பேச்சு உன் தம்பி ரோரியைப் பற்றி. மறுபடியும் கார் திருடி ஓட்டியிருக்கிறான். ஒரு குழந்தை மயிரிழையில் தப்பியது. நம் தெருவில் போலீஸை யார் கூப்பிடுகிறார்கள்? துப்பாக்கி வைத்திருக்கும் நம் பையன்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஊரைவிட்டே ஓட வேண்டும். இல்லையென்றால் வியாழன் மாலை கடைகளுக்குப் பின்சந்தில் வந்து நின்று, இரண்டு முழங்காலிலும் குண்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்காகப் பேசுகிறவன் மலாக்கிதான். நான் கெஞ்சினேன். "சரி யூஜின் அண்ணே, உங்க முகத்துக்காக ஒரு காலோட நிறுத்திக்கறோம். எலும்புல படாம, சதையில" என்றான்.

டிவியில் பெரியவர்கள் நம் ஊர்ச் சண்டையை நிறுத்த வருஷக்கணக்காகச் சமாதானம் பேசுகிறார்கள். உன் அப்பன் ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் ஒரு காலை மீட்டுவிட்டான்!

அப்பா


கிளாஸ்கோ
6 ஏப்ரல்

அப்பா,

பெற்ற பிள்ளையைச் சுடுவதற்கு நேரம் குறித்துவிட்டு வந்து பெருமை வேறா? புதன் காலைக் கப்பலில் அவனை ஏற்றிவிடுங்கள். துறைமுகத்தில் நான் நிற்பேன். ஊர் திரும்ப முடியாதுதான். இரண்டு காலோடு இருப்பான்.

டிம்ப்னா


பெல்ஃபாஸ்ட்
11 ஏப்ரல்

அன்பு மகளே,

கப்பலில் அவன் வரவில்லை. ஏனென்று தெரியாமல் துறைமுகத்தில் எவ்வளவு நேரம் நின்றாயோ.

வியாழன் மாலை பழைய பேண்ட்டைப் போடச் சொன்னேன், நல்லது பாழாகக் கூடாதே என்று. இரண்டு பீர் வாங்கிக் கொடுத்தேன். சந்து முனைவரை கூடவே நடந்தேன். முகமூடிக்காரன் புதியவன் போல, துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்தான். ஒரே குண்டுதான், வாக்குத் தவறவில்லை. ஆனால் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயைக் கிழித்துவிட்டது. என் டையால் தொடையை இறுக்கினேன், நிற்கவில்லை. மறுநாள் காலை தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவன் கண் விழித்தபோது நர்ஸுகள் டிவி முன்னால் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். "சமாதானம் ஆயிடுச்சாமே டாடி. ஒரு நாள் முந்தி கையெழுத்துப் போட்டா என்னவாம் அவனுங்களுக்கு?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "போனா திரும்பி வர முடியாதே டாடி. நொண்டிக்கிட்டாவது உங்ககூட இருந்துடறேனே?" என்று என் முகத்தைப் பார்த்தான். அவனும் போனால் இந்த வீட்டில் நான் மட்டும்தான். "போயிடுடா" என்பது தொண்டைவரை வந்தது, நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அப்பா