முன் லிஃப்டும் பின் லிஃப்டும்

வால்மிர்,

கார்டு காட்டினால்தான் ஓடும்படி லிஃப்டை மாற்றும் ஆள் பத்து மணிக்கு வருகிறான். நம் இன்டர்காமையும் லிஃப்டோடு இணைப்பான். தூங்கிவிடாதே. இனி கார்டு இல்லாமல் கீழே யார் மணி அடித்தாலும், நாம் பொத்தானை அழுத்தினால்தான் லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்கு ஏறும். ஒன்றை அழுத்தினால் முன் லிஃப்ட் கூடத்து வாசலுக்கு வரும். இரண்டை அழுத்தினால், வேலைக்காரர்கள் ஏறும் பின் லிஃப்ட் சமையலறை வாசலுக்கு.

யார் யாருக்கு எந்தக் கார்டு என்று நீ எழுதிய பட்டியலைக் காவலாளி ஜில்வான் காட்டினார். உன் தம்பிக்கு முன் லிஃப்ட். என் அக்கா ஜுரேமாவுக்குப் பின் லிஃப்ட்.

"தப்பா எழுதிட்டாரா?" என்றேன்.

"இல்லம்மா, நானும் ரெண்டு தடவ கேட்டேன். மீன் கூடையோட வர்றவங்கதானே, பின்னாடியே வரட்டும்னாரு."

அந்த மீனை ஞாயிறுதோறும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன் நீ. நேற்று கேட்டால், "ஒரு லிஃப்டுக்கா இவ்வளவு கோவம்?" என்கிறாய்.

வீடு உன் பெயரில் இருக்கிறது. நீ சொன்னால்தான் பட்டியலில் அவள் கார்டை மாற்றுவார்களாம். கார்டு இன்னும் அவள் கைக்கு வரவில்லை; பதினொன்றுக்குக் கீழே மணி அடிப்பாள். நீ எதை அழுத்தினாய் என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

பயற்றுக் குழம்பு குக்கரில் இருக்கிறது. சோறு மட்டும் வை.

லூசிமார்

உன் பிரஷர் மாத்திரை மரவள்ளி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. மறக்காதே.

இன்னொன்று. என் கார்டை மட்டும் நானே மாற்ற முடிந்தது. பின் லிஃப்டுக்கு மாற்றிவிட்டேன். சாயங்காலம் சமையலறை வழியாகத்தான் வருவேன். தாழ்ப்பாளைத் திறந்து வை.