எமன்லேட்டு

மானிட்டரைத் துடைக்கலாம் என்று இன்று காலை ஈரத்துணியோடு போனவன், அப்படியே நின்றுவிட்டேன். வலது ஓரத்தில், கீழே, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் உன் விரல் தடம் இருக்கிறது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த எண்ணெய்த் தடங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு நேரே வந்து திரையில்தான் விரலை வைப்பாய். "கையைத் துடைச்சிட்டு வாயேன்" என்றால், "ஏன், உங்க பொட்டி தேஞ்சா போயிடும்?" என்பாய். துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

நீ போன பிறகு இந்தக் கம்ப்யூட்டரை நான் போடவே இல்லை. சித்ரா ஞாயிறுதோறும் சிங்கப்பூரிலிருந்து என் பட்டன் போனில்தான் கூப்பிடுகிறாள். "ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கப்பா, எப்படி இருக்கீங்கன்னு நானும் பாக்கணும்ல" என்று கெஞ்சுகிறாள். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதை அந்தப் பெண் பார்ப்பாளே, அவள் பார்ப்பதை நான் பார்க்கவேண்டி வருமே என்றுதான் பயம். வேறொன்றுமில்லை.

எப்படி ஆரம்பித்தது இதெல்லாம்? சர்க்கரை உன் கண்ணில் கைவைத்தது. மகள் வாங்கித் தந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க, பொண்ணு மூஞ்சி கொட்டப்பாக்கு அளவுதான் தெரியுது" என்றாய். உரக்கடையில் பில் போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை அன்றைக்கே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். போனில் ஓடுகிற ஆப்பையெல்லாம் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம், அதற்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது என்று மன்னார்குடியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லியிருந்தார். நான்கைந்து நாள் மல்லுக்கட்டி அதை ஏற்றி, ஒரு கேமராவும் வாங்கி மாட்டினேன். உள்ளே ஃபேன் அறுவடை மெஷின் மாதிரி இரைந்தது. கடைசியில் திரை முழுக்க ஒரு பெரிய போன் வந்து நின்றது.

"இதுக்குப் பேரு எமுலேட்டர். இந்தப் பொட்டி போன் மாதிரி நடிக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"என்னது, எமன் லேட்டரா?" என்றாய். "நல்ல பேருங்க. வரட்டும், லேட்டாவே வரட்டும்."

அன்றிலிருந்து இந்த வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "எமன்லேட்டப் போடுங்க, பொண்ணு காத்துக்கிட்டிருப்பா" என்று குரல் வரும்.

முதல்நாள் நீ திரையிலேயே பச்சைப் பட்டனை விரலால் அழுத்தினாய். ஒன்றும் ஆகவில்லை. போன் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அழுத்தினால் வேலை செய்யவேண்டியதுதானே என்று நினைத்திருப்பாய். உன் முகம் சுருங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. நீ மறுபடி அழுத்தியபோது, அதே இடத்தில் மவுஸை நகர்த்திச் சத்தமில்லாமல் கிளிக் செய்தேன். மணி அடித்தது. "பாத்தீங்களா, என் கைராசிய!" என்றாய். அப்புறம் மவுஸ் விஷயத்தை விளக்கிச் சொன்னபோதும் நீ அதைத் தொடவில்லை. "அந்த எலியெல்லாம் எனக்கு வராதுங்க, அத நீங்களே புடிங்க." அதுவே வழக்கமாகிவிட்டது. விரல் உன்னுடையது, கிளிக் என்னுடையது. அதில் வந்த விவசாய விளையாட்டைக்கூட அப்படித்தானே ஆடினோம்! "இந்த வயல அறுங்க, அந்த மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்று நீ தொட்டுத் தொட்டுக் காட்டுவாய். "ஆத்துல தண்ணி எப்பத் தொறப்பான்னு பாக்கவே வேணாம், என்னமா வெளையுது பாருங்க" என்று சிரிப்பாய்.

வீடியோவில் ஒரு கோளாறு இருந்தது. அவள் முகம் நமக்குப் படுக்கைவாட்டில் தெரியும், நாம் அவளுக்குப் படுத்த மாதிரி தெரிவோம். "ஏம்ப்பா, ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா பேசுறீங்க?" என்று கேட்டு முதல்நாள் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை நேராகப் பார்க்க நாம் இருவரும் தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொள்வோம். நீ என் இடப்பக்கம் உட்காருவாய். சாய்ந்த உன் தலை என் தோளில் வந்து இருக்கும். சட்டையெல்லாம் எண்ணெய்.

ஐப்பசி அடைமழையில், மாரை அடைக்கிறது என்று நீ சொல்லித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். எமன் ஒன்றும் லேட்டாக வரவில்லை. நீ வைத்த பெயருக்காவது கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம், பாவி.

போன ஞாயிறு சித்ரா ஒன்று சொன்னாள்.

"அம்மா தனியாவே எனக்கு வீடியோ போடுவாங்கப்பா, தெரியுமா? நீங்க கடையிலேந்து கெளம்பி ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டேன்னு போன் பண்ணாப் போதும், ஒடனே கூப்பிட்டுடுவாங்க."

நீடாமங்கலம் கேட்டைப் போட்டால் திறப்பது அவர்கள் மனசு வைத்தால்தான். அங்கே நின்றபடி நான் சபித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீ இங்கே பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

"அவளுக்குத்தான் மவுஸ் வராதேம்மா" என்றேன்.

"நல்லாவே புடிப்பாங்க. நானும் கேட்டேன், ஏம்மா அப்பாகிட்ட மறைக்கிறேன்னு. 'எனக்கு வருதுன்னு தெரிஞ்சா, நீயே பேசிக்கன்னுட்டு பேப்பரத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிடுவாரு. காலம் பூரா கடை கடைன்னு ஓடுன மனுஷன், இப்பதான் பக்கத்துல உக்காந்திருக்காரு. உக்காரட்டும், சொல்லிடாத'ன்னாங்கப்பா."

அடி கள்ளி! போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். கேட்க ஆளில்லாத வீட்டில் எதற்குப் பொத்திக்கொண்டேன் என்று தெரியவில்லை.

உன் குட்டு உடைந்துவிட்டது. என்னுடையதையும் கேட்டுக்கொள். அந்தப் படுக்கைவாட்டுப் படத்தை நேராக்க ஓரத்தில் ஒரு பட்டன் உண்டு. ஒரே கிளிக். இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். "சரி பண்ண முடியாதாங்க?" என்று நீ கேட்டபோதெல்லாம், "பழைய பொட்டி, அவ்வளவுதான் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டி போனாக நடித்தது. நாம் ரெண்டு பேரும் அதற்கு மேலே நடித்திருக்கிறோம்.

இன்று ஞாயிறு. துணியை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டேன். வெகுநேரம் இரைந்து, ஒருவழியாகப் போன் வந்தது. பச்சைப் பட்டன் சரியாக உன் தடத்துக்கு அடியிலேயே வந்து நின்றது. உன் நாற்காலியை நகர்த்தவில்லை. மகள் பார்த்தால் பார்க்கட்டும். தடத்தின்மேல் படாமல், கொஞ்சம் தள்ளி என் விரலை வைத்தேன். அப்புறம் கிளிக்.

சித்ரா வந்தாள், படுக்கைவாட்டில். நாற்காலியைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எதற்குப் பயந்தேனோ அது நடந்து, முடிந்தும் போனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் படுத்த மாதிரியே தெரியிறீங்களேப்பா. அத நேராக்க ஓரத்துல எங்கியாவது ஒரு பட்டன் இருக்கும், பாருங்க."

"அப்படி ஒண்ணும் காணுமேம்மா" என்றேன்.

தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டேன். அவள் பேசி முடிக்கும்வரை இடது தோளை மட்டும் அசைக்கவே இல்லை.