உருண்டைக்குப் பசி

என்னங்க, குளியலறைக் கதவைப் பார்த்துத் திறங்கள்.

விண்கலப் பட்டறையிலிருந்து நீங்கள் தூக்கிவந்த உருண்டை, நாம் பேச்சை நிறுத்தியதிலிருந்து எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்ததே! பாலையும் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை. காலையில் வீட்டுச் சாவி கேட்டு நீங்கள் போன் செய்ததும் மனசு பொறுக்காமல், "உங்கக்கா சொன்னா கேப்பீங்க, நான் சொன்னா காதுலயே ஏறாது!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அண்டா மாதிரி ஊதி, ஏப்பம் விடுகிறது! நம் சண்டைதான் அதற்குச் சாப்பாடு. அலறிக்கொண்டே உருட்டிப்போய்க் குளியலறைக்குள் அடைத்தேன்.

சாவி பக்கத்து வீட்டில். உங்கள் சாப்பாடு அடுப்பின்மேல்.

பி.கு.: சாயங்காலத்துக்குள் மறுபடி சுருங்கிவிடும். பட்டினி போட மனசு வரவில்லை. சாப்பிட்டதும் போன் பண்ணி என்னைத் திட்டுங்கள். எடுக்கிறேன்.